பதினாலு கோலும் தனபால் சாரும்

மரியாதைக்குரிய மாதையன் மாமா அவர்களுக்கு,

புஷ்பலதா வணக்கத்துடன் எழுதுவது. ஏற்காட்டில் நாங்கள் நலம். செம்மநத்தத்தில் நீங்கள் நலமா என்று கேட்பதுதான் முறை. கேட்டால், "பதினாலு கோல் வாங்கின ஊடு எப்படி இருக்கும்?" என்பீர்கள். அதனால் கேட்கவில்லை.

திங்கட்கிழமை சேலம் போய் சுஜாதாவின் டி.சி.யை வாங்கப் போகிறீர்கள் என்று அத்தை சொன்னார்கள். நேரில் தடுக்க எனக்கு வாய் வராது, அதான் எழுதுகிறேன். விளையாட்டு ஒதுக்கீட்டில் அங்கே கல்லூரி சீட் கிடைத்தவள் உங்கள் மகள். நம் குடும்பத்தில் எனக்கு அடுத்துப் பட்டம் வாங்க வேண்டியவள். அவள் கோல்கீப்பராக நின்ற அணியை நான் வேலை பார்க்கிற கல்லூரியின் கோச் தனபால் சார் பதினாலு கோல் போட்டு அடித்தது அக்கிரமம்தான். பதவி உயர்வுக்காக அடித்தார் என்று டீக்கடை ஜாபர் அலி அண்ணன் சொல்கிறார், நீங்களோ, போன வருஷம் நீங்கள் கொடுத்த கமலா ஆரஞ்சு புளித்ததற்குப் பழி வாங்கினார் என்கிறீர்கள், ரெண்டும் இல்லைங்க மாமா. எங்கள் மைதானத்தில் பனி இறங்கினால் கோல் விழுந்ததே யாருக்கும் தெரியாது, அதனால் எஸ்டேட்டில் ஆள் கூப்பிடத் தட்டுகிற மாதிரி, கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டைத் தட்டுவோம், அன்றைக்குத் தட்டியது நான்தான். கம்பத்துக்குப் பின்னாலேயே சார் ஊடு. உள்ளே அவர் சம்சாரம் ராஜேஸ்வரி அக்கா புற்றுநோயில் படுத்த படுக்கை. ஒரு காலத்தில் பந்தாடினவங்க, பல வாரமாப் பேச்சே இல்லை. முதல் கோலுக்கு நான் தட்டினதும் ஜன்னலிலிருந்து மெதுவாகக் கைதட்டும் சத்தம். சார் முகத்தை நீங்க பார்த்திருக்கோணும் மாமா. அதுக்கப்புறம் அந்த மனுசன் நிறுத்தவே இல்லை. களைத்த பிள்ளைகளை வெளியே கூப்பிட்டுப் புதுப் பிள்ளைகளை இறக்கினார். எனக்கே பொறுக்கலை.

"போதுமுங்க சார், அந்தப் புள்ள பாவம்" என்றேன்.

"நீ தட்டு கண்ணு. நல்லாக் கேக்கற மாதிரி தட்டு" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

போன வியாழன் அக்கா தவறிட்டாங்க. சார் உங்கள் ஊட்டுக்கு வந்து மன்னிப்புக் கேட்கிறாராம், நாயைக் கட்டிப் போட முடியுமா என்று மட்டும் விசாரிக்கச் சொன்னார். கோபத்தை அவர் மேல் காட்டுங்க, சுஜாதா படிப்பு மேல் வேண்டாமுங்க.

அத்தைக்கு என் அன்பு. சேர்வராயன் சாமி உங்கள் எல்லோரையும் காக்கட்டும்.

பணிவுடன்,
புஷ்பலதா

பி.கு.: ஒட்டுவதற்கு முன் இதை சுஜாதாவுக்குப் போனில் படித்துக் காட்டினேன். முழுசும் கேட்டுக்கொண்டாள். பிறகு, "டி.சி. வேணும்னு கேட்டதே நான்தான்க்கா. எனக்குக் கெட்ட பேரு வரக்கூடாதுன்னு அப்பா தன் கோபம்னு ஊரெல்லாம் சொல்லிட்டிருக்காரு. இடைவேளைக்கு அப்புறம் அந்த ஊட்டுப் பக்கத்துக் கம்பத்துக்கு நான் வந்தப்ப எனக்கும் கைதட்டுனது கேட்டுச்சு. கடைசி நாலு அந்தக் கைதட்டுக்காக நானா விட்டது. இப்பப் பந்து வந்தா, புடிக்கறதா வுடறதான்னு கை யோசிக்குது. யோசிக்கற கையை வெச்சுக்கிட்டு அந்த சீட்ல எப்படிக்கா உக்கார்றது?" என்றாள். ஆகவே மாமா, உங்களைக் குறை சொல்லி மேலே எழுதிய எல்லாவற்றையும் மன்னித்துவிடுங்கள். திங்கட்கிழமை போக வேண்டாம். அன்றைக்கு ஒரு பந்து வாங்கி, காப்பிக் களத்தில் நீங்களே அவளைப் பார்த்து உதையுங்கள். உங்களுக்கு உதைக்கத் தெரியாது, அவள் கட்டாயம் பிடித்துவிடுவாள்.