தொடாதே என்று நான் சொன்ன விளக்கு

மெல்போர்ன்,
18 மார்ச் 1997, செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால்

அன்புள்ள மெர்ல் அக்காவுக்கு,

உன் தம்பி கிளெமென்ட் வணக்கத்துடன் எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. உன் முட்டிவலி, உன் கோழிகள், பின்வாசல் எலுமிச்சை மரம் எல்லாம் சௌக்கியம் என்று நம்புகிறேன். எழுபது வயது நிறைந்த உனக்கு என் மனமார்ந்த வாழ்த்துகள். இதை நேற்று மூன்று மணிக்கு ஆல்பரி நிலையத்தில் நேரிலேயே சொல்லியிருக்க வேண்டும். ஒன்றரை வருஷம் கழித்துத் தம்பியைப் பார்க்க வந்த உன்னிடம், ரயில் வாசலில் நின்றுகொண்டு, நாலு பேர் பார்க்க நான் சொன்னது என்னவோ "தொடாதே அக்கா" என்பதுதான். சாயங்காலம் போன் செய்தேன். நீ எடுத்தாய், என் குரலைக் கேட்டாய், வைத்துவிட்டாய். அதனால் எழுதுகிறேன். கிழிப்பதாக இருந்தால் முழுக்கப் படித்துவிட்டுக் கிழி.

மார்போடு சேர்த்து ஒரு மரப்பெட்டியை அணைத்துக்கொண்டிருந்தேனே, அதற்குள் இருப்பது ஒரு விளக்கு. நீ கூடத்தில் போடுகிற விளக்கு மாதிரி இல்லை அக்கா. எங்கள் சிட்னி ஆய்வுக்கூடத்தில் நாலாம் நம்பர் என்று பெயர். அதற்குக் குறிப்பிட்ட அளவு மின்சாரம் கொடுத்தால் எவ்வளவு வெளிச்சம் தரும், கண்ணுக்குத் தெரியாத அனல் எவ்வளவு வீசும் என்று எங்களுக்குத் துல்லியமாகத் தெரியும். மஞ்சள் காமாலை வந்த பச்சைக் குழந்தைகளை ஆஸ்பத்திரியில் நீல வெளிச்சத்தின் கீழே போடுகிறார்கள் இல்லையா, அந்த வெளிச்சம் போதுமா என்று அளக்கிற கருவி, இரும்பு உலையை எட்ட நின்று சூடு பார்க்கிற கருவி, இவை எல்லாம் கடைசியில் நாலாம் நம்பர் முன்னால் வந்துதான் கைகட்டி நிற்க வேண்டும். பத்தொன்பது வருஷத்தில் அதை மொத்தம் முப்பத்தொரு மணி நேரம்தான் எரித்திருக்கிறோம், ஏனென்றால் எரிய எரிய அதன் ஆயுசு தேயும். தூரம் பார்த்து வைப்பதற்குக்கூட அதை எடுக்க மாட்டோம், அதே உருவத்தில் இழை அறுந்துபோன ஒரு ஒத்திகை விளக்கு இருக்கிறது, அதை நிறுத்தித்தான் இடம் பார்ப்போம். கண்ணாடியில் விரல் படக்கூடாது. குலுங்கக்கூடாது. உள்ளே இழை கொஞ்சம் நகர்ந்தாலும் அது சொல்லுகிற அளவெல்லாம் பொய். ஐந்து வருஷத்துக்கு ஒரு தரம் மெல்போர்ன்காரர்களின் விளக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கக் கொண்டுபோக வேண்டும், அதுவும் ஒரு ஆள் கையில் தூக்கிக்கொண்டு போக வேண்டும், பெட்டியை மூடினால் போய்ச் சேரும்வரை திறக்கக்கூடாது, போய்ச் சேர்ந்ததும் இருபது மணி நேரம் மூடியபடியே ஆறவிட வேண்டும். இந்த விதிகளை எல்லாம் எழுதிய புண்ணியவான் நான்தான். வருகிற ஜூனில் ஓய்வு பெறுகிறேன். இதுதான் என் கடைசிப் பயணம். இந்தத் தடவை அளவு பிசகினால், இத்தனை வருஷம் நான் கையெழுத்துப் போட்டு அனுப்பிய ஒவ்வொரு சான்றிதழையும் எடுத்து வைத்துக்கொண்டு சந்தேகப்படுவார்கள்.

விளக்குக்கென்று தனி இருக்கை வாங்கியிருந்தேன். ஆனால் சிட்னியை விட்டுக் கிளம்பிய பத்தாவது நிமிஷமே இருக்கை நடுங்குகிறது என்று தெரிந்து, பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். முப்பது வருஷ அனுபவத்தில் சொல்கிறேன், அதிர்ச்சி தாங்குவதில் சதைப்பிடிப்பான மனுஷத் தொடைக்கு மிஞ்சிய சாதனம் கிடையாது. டிக்கெட் பார்க்கிற அம்மாள் லொரெய்ன் வந்தாள். "பக்கத்து சீட்டு யாருக்கு?" என்றாள். விளக்குக்கு என்றேன். "சரி செல்லம், அது எந்த ஊர்ல இறங்குது?" என்று கேட்டுவிட்டு, இரண்டு டிக்கெட்டிலும் ஓட்டை போட்டாள். அதற்கப்புறம் போகும்போதும் வரும்போதும் "உங்க வீட்டம்மா எப்படி இருக்காங்க?" என்று பெட்டியைக் காட்டி விசாரிப்பாள். டீ குடிக்கவில்லை, டீ குடித்தால் எழுந்து போக வேண்டும், எழுந்து போனால் பெட்டியை யாரிடம் கொடுப்பது. ஜூனீ ஸ்டேஷன் தாண்டுவதற்குள் கால் மரத்துப்போய், அது என் கால்தானா என்றே சந்தேகம் வந்துவிட்டது. நேராக உட்காரவும் முடியவில்லை, சாயவும் முடியவில்லை. வாகாவில் ஏறிய ஒரு பையனை நான் பார்த்த பார்வையில் அவன் பந்தைப் பைக்குள் வைத்துவிட்டான்.

இந்த நிலைமையில்தான் ஆல்பரி வந்தது. நீ நீலக் கவுன் போட்டுக்கொண்டு, லாமிங்டன் கேக் டப்பாவோடு நின்றாய், இரண்டு கையையும் விரித்தாய், நான் அந்த வார்த்தையைச் சொன்னேன். நீ என்ன சொன்னாய் என்பது இப்போதும் காதில் இருக்கிறது: "எழுபது வருஷத்துல என்னைத் தொடாதேன்னு சொன்ன முதல் ஆளு நீதான்டா, கிளெம்." சொல்லிவிட்டு, கேக் டப்பாவை என் பெட்டியின் மேல் வைத்தாய். மெதுவாகத்தான் வைத்தாய், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் டொக்கென்று ஒரு சத்தம் வந்தது. நான் "எடு, எடு" என்று கத்தியிருக்கக் கூடாது. நீ டப்பாவை எடுத்து லொரெய்ன் கையில் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் படியேறிப் போய்விட்டாய். கோலின் அத்தான் உயிரோடு இருந்திருந்தால் உன் பின்னாலேயே வந்து சமாதானம் சொல்லியிருப்பார், அவரும் இல்லாமல் பிறந்தநாள் அன்று தனியாக வீட்டுக்குப் போயிருக்கிறாய். ரயில் கிளம்பியதும் லொரெய்ன் எதிரில் உட்கார்ந்து, "கை காலியில்ல, வாயாவது காலியா இருக்கா?" என்று கேட்டு ஒரு லாமிங்டனை என் வாயில் வைத்தாள். தேங்காய்ப்பூ எல்லாம் பெட்டிமேல் கொட்டியது. "அந்தம்மாவ அழ வச்சுட்டீங்க, தெரியுமா?" என்றாள். வாய் நிறைய கேக்கோடு தலையை ஆட்டினேன்.

இப்போது நான் இருப்பது இங்கத்து ஆய்வுக்கூடத்தின் நடைவழியில், ஒரு மர பெஞ்சில். உள்ளே இருக்க விடவில்லை. இங்கே அளவு எடுப்பவன் ஹெட்லி என்று என் பழைய சிநேகிதன். பெட்டியைத் திறக்க மதியம் மூன்று மணி ஆகும், அதுவரை அவன் தன் விளக்கை வைத்து அனல் அளக்கிற கருவியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். நான் பெட்டியைப் பார்ப்பதும், கடிகாரத்தைப் பார்ப்பதும், ஜன்னலுக்குப் போவதும், திரும்பி வருவதுமாக இருந்தேன். அவன் கருவியின் முள் ஆடிக்கொண்டே இருந்தது. கடைசியில் ஹெட்லி பேனாவை வைத்துவிட்டுச் சொன்னான்: "யோவ் கிளெம், ஒரு மனுஷ உடம்பு நூறு வாட் அனல் வீசும்னு எனக்குப் பாடம் எடுத்ததே நீதான். அந்த நூறு வாட்டு இங்கயும் அங்கயும் அலைஞ்சிட்டிருக்கு. ஒரு மணி நேரமா என் கருவி உன்னைத்தான்யா அளக்குது. வெளிய போ." வந்துவிட்டேன். இங்கேயும் உட்கார முடியவில்லை, ஒரு வரி எழுதுகிறேன், எழுந்து கதவுக் கண்ணாடி வழியாகப் பெட்டி இருக்கிறதா என்று பார்க்கிறேன், மறுபடி வந்து ஒரு வரி எழுதுகிறேன். நடைவழியைப் பெருக்குகிற அம்மாள் "ஆபரேஷன் உள்ள யாருக்குங்க?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

அக்கா, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த டொக் சத்தம் என்னை நேற்று தூங்க விடவில்லை. உன்மேல் பழி போடுகிறேன் என்று நினைக்காதே. போட மாட்டேன். இழை அறுந்திருந்தால் தண்டவாளத்தின்மேல் போடுவேன், லொரெய்ன்மேல் போடுவேன், என் தொடைமேல் போடுவேன். ஆனால் நான் அப்படிப் பதறியதற்குக் காரணம் உண்டு, அது நியாயமான காரணம், பத்தொன்பது வருஷமாகக் காப்பாற்றிய பொருள் என்பதை மட்டும் நீ புரிந்துகொள்ள வேண்டும். உன் தம்பி கல்நெஞ்சன் இல்லை. அவன் கையில் விளக்கு இருந்தது.

கோழிகளுக்கும் பக்கத்து வீட்டாருக்கும் என் அன்பைச் சொல்லவும். என் வீட்டுக்காரி எட்னாவும் உன்னை விசாரித்தாள். முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் தவறாமல் கொடு. நீ இன்னும் நூறு பிறந்தநாள் காண வேண்டும், அதில் ஒன்றுக்காவது நான் ஒழுங்காக வர வேண்டும்.

என்றும் உன் பாசமுள்ள தம்பி,
கிளெமென்ட்

பி.கு. இன்று வெள்ளிக்கிழமை. இதைச் செவ்வாய் அன்றே தபாலில் போட்டிருக்கலாம், போட முடியாதபடி ஆகிவிட்டது. மூன்று மணிக்குப் பெட்டியைத் திறந்தோம். இழை அறுந்து தொங்கியது. அக்கா, நான் முதலில் சொன்னது உன் பேரைத்தான், "எங்க அக்கா டப்பா வச்சா" என்று. மேலே எழுதிய மை காயவில்லை, அதற்குள் சொன்னேன். ஹெட்லி விளக்கைத் திருப்பி, அடியில் இருந்த சிவப்புப் பொட்டைக் காட்டினான். "இது உன் ஒத்திகை விளக்கு கிளெம். இது செத்து பதிமூணு வருஷம் ஆச்சு," என்றான். பத்தொன்பது வருஷப் பழக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு பெட்டியில் வைத்ததும் நான்தான், நடுவில் திறந்து பார்க்கக்கூடாது என்று விதி எழுதியதும் நான்தான். ஒரு செத்த விளக்குக்காக உன்னைத் தொடாதே என்று சொல்லியிருக்கிறேன். நாலாம் நம்பர் சிட்னி அலமாரியில் சுகமாக உட்கார்ந்திருந்தது. ஹெட்லி போனில் விஷயத்தைச் சொன்னதும் என் உதவியாளர் தெல்மா என்னைக் கேட்காமல் அதைத் தன் கம்பளிச் சட்டையில் சுற்றி, சாதாரணத் தபாலில் அனுப்பிவிட்டாள். நேற்று வந்தது. அட்டைப் பெட்டியின் ஒரு மூலை நசுங்கியிருந்தது. மத்தியானமே எரித்துப் பார்த்தோம். ஐந்து வருஷத்துக்கு முன்னால் என்ன சொன்னதோ அதையேதான் சொல்கிறது, இம்மி பிசகவில்லை. ஹெட்லி சிரிக்கவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. உன் லாமிங்டன் எல்லாவற்றையும் அவனே தின்றுவிட்டான். விளக்கு வந்தபடியே தபாலில் திரும்பிப் போகிறது. நான் வருகிற செவ்வாய்க்கிழமை ரயிலில் வருகிறேன், ஆல்பரிக்குப் பன்னிரண்டு மணிவாக்கில் வரும், டிக்கெட் உன் ஊர் வரைக்கும்தான் வாங்கியிருக்கிறேன். காலி டப்பாவை முதுகுப் பையில் வைத்துவிடுகிறேன். இரண்டு கையும் சும்மாதான் இருக்கும். வா அக்கா.