ரஸ்க் நிறத்தில் ஒரு பந்தயம்

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். உரக்கச் சொல்ல முடியாது. ஷெட்டில் தையல் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்கும்வரைதான் எனக்குப் பேச்சுச் சுதந்திரம்.

அந்த ஷெட்டில் முன்பு என் அப்பாவின் கார் நின்றது. அவர் விட்டுப்போனது அது ஒன்றுதான். மெஷின் எங்கள் படுக்கையறையில் இருந்தது. தூக்கத்தில் காலை நீட்டினால் பெடலில் இடிக்கும். தெருவே இருமுகிற அளவுக்குப் புகை விடும் காரை விற்றுவிட்டு ஷெட்டைத் தனக்குத் தரச் சொன்னாள் என் மனைவி. தினமும் சொன்னாள்.

ஒரு நாள் மீசையை முறுக்கிக்கொண்டு நானே பந்தயம் கட்டினேன்.

"கார்புரேட்டரை நானே சரி பண்றேன். நீயும் கூட வா. ஓட்டி முடிச்சதும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாப்போம். முனை கரியா இருந்தா பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தா குறைவு. ரஸ்க் நிறத்துல இருந்தா சரி, கார் இருக்கும். இல்லைன்னா வித்துடலாம்."

"பேச்சு மாற மாட்டீங்களே?"

"அப்பா மேல சத்தியம்."

"போனவரை எதுக்கு இழுக்கறீங்க? உங்க மேலயே பண்ணுங்க."

பண்ணினேன். திருகாணியைத் திருகித் திருகி, தனியாக ஒரு சுற்று ஓட்டிவிட்டுப் பிளக்கைக் கழற்றினால், அப்படியே தேநீரில் தோய்த்துத் தின்னலாம் போல ரஸ்க் நிறம். அவளைக் கூப்பிட்டேன். கைப்பையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பையை முன்னால் எங்கோ மாட்டினாள். அந்தப் பையை நான் தொடவும் கூடாது, உற்றுப் பார்க்கவும் கூடாது. கல்யாணமான புதிதிலேயே போட்ட சட்டம்.

தண்ணீர்த் தொட்டிவரை போய்த் திரும்பினோம். கழற்றினால், அடுப்புக் கரி.

மறுபடி திருகினேன். தனியாகப் போனால் ரஸ்க். இவள் ஏறினால் கரி. சோறு இறங்கவில்லை. யோசித்து யோசித்துக் கடைசியில் கண்டுபிடித்தேன். பாரம்! ஆனால் அதை எந்தப் புருஷன் வாய்விட்டுச் சொல்வான்?

"ஏம்மா, வண்டிக்குப் பாரம் ஜாஸ்தியானா..."

"என்ன பாரம்?"

"ஒண்ணுமில்லை. மழை வர்ற மாதிரி இருக்கு."

வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. தோற்றதாகவே ஒப்புக்கொண்டேன்.

காரை வாங்க வந்தவர் ரொட்டிக்கடைக்காரர். அன்று நிஜமாகவே தூறல். என் துண்டாலேயே பானெட்டைத் துடைத்தேன். அப்பாவின் நெற்றியைத் துடைப்பதுபோல இருந்தது. இவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கடைசியாக ஒரு சுற்று ஓட்டி வந்து வாசலில் நிறுத்தினேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கரும்புகை.

அவள் இறங்கிப் பையை எடுத்தாள். அதுவரை பை தொங்கிய இடத்தில் சோக் குமிழ், முழுசாக வெளியே இழுபட்டு நின்றது. குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பக் கூடுதல் பெட்ரோல் தருகிற குமிழ். அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்த வாத்தியார் நான்தான்.

ஒரே விரலால் அதை உள்ளே தள்ளினாள். புகை நின்றது.

"எஞ்சின் சூடானதும் இதை உள்ள தள்ளிடுங்க தம்பி. இல்லைன்னா பிளக் கரியாயிடும்," என்று ரொட்டிக்கடைக்காரரிடம் சொன்னாள்.

பிறகு, கல்யாணமானதிலிருந்து முதல் தடவையாக, அந்தப் பையை என் கையில் கொடுத்துவிட்டு, மெஷினை நகர்த்த உள்ளே போனாள்.