திருச்சியில் அவிழ்த்துக்கொள்வார்கள்

என்னைக் கயிற்றால் கட்டிப் போட்டால் எனக்குப் பிடிக்கும். அடிதடி எதுவும் கிடையாது. முழுச் சம்மதத்தோடு, சுடிதார் துப்பட்டா எதையும் கழற்றாமல், நம்பிக்கையான ஒருவர் நிதானமாகக் கட்ட வேண்டும், அவ்வளவுதான். கை இரண்டும் பின்னால் போய் அசையாமல் உட்கார்ந்ததும், நாள் முழுக்க மண்டைக்குள் கேட்கும் இரைச்சல் அடங்கிவிடும். (நூற்பாலை அலுவலகத்தில் ஊருக்கே ஷிஃப்ட் போட்டுப் பாருங்கள், உங்களுக்கும் யாராவது கட்டிப் போட்டால் தேவலை என்று தோன்றும்.) இதை இப்படி நாலு வரியில் சொல்ல எனக்கு முப்பத்தாறு வயதாக வேண்டியிருந்தது.

பெங்களூரில் இதற்கென்றே கூடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். அம்மாவிடம் ஆபீஸ் ட்ரெயினிங் என்று புளுகிவிட்டு மூன்று முறை போயிருக்கிறேன். அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆனதோடு அந்தக் கதை முடிந்தது. இனி திண்டுக்கல்லில் ஆள் கிடைத்தால் உண்டு, இல்லையென்றால் ஆயுசுக்கும் இல்லை. 'கட்டப்படுவதில் விருப்பமுள்ளவள், திண்டுக்கல் சுற்றுவட்டாரம்' என்று ஓர் இணையக் குழுவில் போட்டுவிட்டு ஒரு வருஷம் காத்திருந்தேன். முதலில் பதில் போட்டவர் கிணற்றுக் கயிறு மொத்தமாகக் கிடைக்குமா என்று கேட்டார். இரண்டாவது ஆள் ஜாதகம் கேட்டார்.

கடைசியில் இரண்டு பேர் தேறினார்கள். ஆத்தூரில் தையல் கடை வைத்திருக்கும் கலா. ஒட்டன்சத்திரத்தில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கும் சேகர். வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டு எதிரே ஒரு பேக்கரியில் சந்தித்தோம். அரை மணி நேரம் வெயிலைப் பற்றியே பேசினோம். அப்புறம்தான் விஷயம் தெரிந்தது, மூன்று பேருமே கட்டப்படுகிறவர்கள். பந்தியில் உட்கார ஆள் இருக்கிறது, பரிமாறத்தான் ஒருத்தரும் இல்லை. எனக்கு வந்த எரிச்சலில் பப்ஸைக் கூட முடிக்கவில்லை.

கலாதான் மெதுவாக ஆரம்பித்தாள். "எங்க வீட்டுக்காரரு கட்டுவாருக்கா. நிலக்கோட்டை பூ மார்க்கெட்டுல பதினஞ்சு வருசமா வெளியூருக்குப் போற மூட்டை கட்டுறாரு. அவரு கட்டுனா அசையாது."

"அவருக்கு இதெல்லாம் தெரியுமா?"

"சொல்லிட்டேன். சரின்னுட்டாரு. ஆனா என்னையக் கட்ட வந்தா சிரிச்சுப்புடுறாரு. மொதல்ல உங்களக் கட்டிப் பழகட்டும்."

ஞாயிற்றுக்கிழமை காலை ஆத்தூரில் கலா வீட்டில் கூடினோம். அவள் கணவர் தங்கராசு அண்ணன் குளித்து, விபூதி பூசி, வெள்ளைச் சட்டை போட்டுப் பெண் பார்க்கப் போகிறவரைப் போல நின்றார். நான் அரை மணி நேரம் வகுப்பெடுத்தேன். கழுத்துப் பக்கமே கயிறு போகக் கூடாது, கத்தரிக்கோல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், விரல்களின் நிறத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கட்டப்படுகிறவர் தனக்கு என்ன செய்கிறது என்பதை வாயைத் திறந்து சொல்ல வேண்டும், அதுதான் அவருடைய முதல் கடமை என்று விரலை ஆட்டிச் சொன்னேன். (அந்த விரலைத்தான் பிற்பாடு காணோம் என்று தேடினேன்.)

பெங்களூரில் அரை மணி நேரம் எடுப்பதை அண்ணன் நான்கே நிமிஷத்தில் முடித்தார். நடுவில் பழக்க தோஷத்தில் "எந்த ஊருக்கு?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனால் கட்டு என்றால் அதுதான் கட்டு. மண்டைக்குள் சத்தம் நின்றது. பொய் சொல்லி பஸ் ஏறாமல், வீட்டிலிருந்து முக்கால் மணி நேரத்தில், எனக்கு இது கிடைத்துவிட்டது. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அப்போது முதுகில் சில்லென்று தண்ணீர் விழுந்தது. அண்ணன் கையில் ஒரு சொம்பு.

"என்னங்க பண்ணுறீக?" என்றாள் கலா.

"வாடாம இருக்கணும்ல" என்று சொல்லிவிட்டு, வண்டியை எடுக்கச் சொல்வதற்காக மூட்டையைத் தட்டுவது போல என் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினார்.

என்னுடையது பருத்திக் கயிறு. நனைந்ததும் முடிச்சு ஒவ்வொன்றும் புளியங்கொட்டையாக இறுகிவிட்டது. பத்து நிமிஷத்தில் சுண்டு விரல் மரத்தது. "கை எப்பிடிக்கா இருக்கு?" என்று கலா கேட்டாள். "பரவால்ல" என்றேன். வகுப்பெடுத்த மகராசி நான்தான். அண்ணன் சங்கடப்பட்டால் மறுபடி கயிற்றைத் தொட மாட்டார், சேகர் வேறு ஏற்கெனவே வாசலில் கிடந்த தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருக்கிறார் என்கிற பயம். அடுத்த ஐந்து நிமிஷத்தில் கட்டை விரலும் போனது.

"போதும்ணே, அவுத்துருங்க."

அண்ணன் என்னை ஒருமுறை சுற்றி வந்தார். இன்னொரு முறையும் வந்தார். "தங்கச்சி, கட்டுறதுதான் நம்ம வேலை. அவுக்குறதெல்லாம் திருச்சியில பாத்துக்கிருவாக."

பதினைந்து வருஷத்தில் அந்த மனுஷன் ஒரு முடிச்சைக்கூட அவிழ்த்ததில்லை. இதைக் கேட்கவேண்டும் என்று எங்கள் மூன்று பேருக்கும் தோன்றவே இல்லை. கலா கரண்டிக் காம்பை விட்டு நெம்பினாள். சேகர் வீடியோ பார்த்துச் சொல்கிறேன் என்று சிக்னலுக்காக மாடிக்குப் போய், அங்கிருந்து "வலது பக்கம் இழுங்க" என்று குரல் கொடுத்தார். யாருடைய வலது என்று சொல்லவில்லை. கலா கத்தரிக்கோலை எடுத்ததும் நான் பாய்ந்தேன். (பாய முடியவில்லை, அது வேறு விஷயம்.) வேகவைத்து, எண்ணெய் தடவி, மூன்று மாதம் பதப்படுத்திய கயிறு அது. அம்மாவிடம் புதுக் கொடிக்கயிறு என்று சொல்லி, அவர் அதில் சேலை காயப்போட்டதையும் பொறுத்துக்கொண்டு வளர்த்த கயிறு.

மாடியிலிருந்து இறங்கிய சேகர் குனிந்து பார்த்தார். "ஏனுங்க, விரலெல்லாம் கறுத்துப் போச்சுங்க. பரவால்லைன்னு யாருக்காகச் சொல்றீங்க?"

அதோடு என் வீம்பு உடைந்துவிட்டது. "பரவால்ல எல்லாம் இல்ல. ரெண்டு கையும் செத்துப் போச்சு. வெட்டித் தொலைங்க."

கலா மூன்றே வெட்டில் என்னை விடுவித்தாள். ரத்தம் எறும்பாக ஊர்ந்து விரல்களுக்குத் திரும்பியது. நான் அழுதேன். வலிக்காக அல்ல. ஒரு வருஷம் தேடிச் சேர்த்த மூன்று பேரை, வாயைத் திறக்காமல் நாற்பது நிமிஷத்தில் கலைத்துவிட்டேனே என்றுதான். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டார். சேகர் "வர்றேனுங்க" என்று கிளம்பினார். அவர் மறுபடி வருவார் என்று நான் நம்பவில்லை.

மூன்று வாரம் எந்தத் தகவலும் இல்லை. பிறகு அண்ணன் போன் செய்தார்.

"தங்கச்சி, பூ வண்டியில ஏறித் திருச்சி போயிட்டு வந்தேன். எப்பிடி அவுக்குறாகன்னு பாத்துட்டு வந்துருவம்னு."

"எப்படிண்ணே அவுக்குறாங்க?"

"அவுக்கலம்மா. அம்புட்டுப் பயலும் அருவாளால அறுக்குறான். பதினஞ்சு வருசமா நான் போட்ட முடிச்ச ஒருத்தன்கூட அவுத்ததில்ல." அந்தக் குரலில் அத்தனை மனவேதனை. "சரி விடு, நாமளே கத்துக்கிருவோம். ஞாயித்துக்கெழமை வாரியா? சேகர் தம்பி நேத்தே கேட்டுட்டாப்ல."

இன்று நாங்கள் ஆறு பேர். அண்ணன் நாலு நிமிஷம் கட்டிவிட்டு, நாற்பது நிமிஷம் ரசித்து ரசித்து அவிழ்க்கிறார், சீக்கிரம் என்றால் கோபித்துக்கொள்கிறார். புதிதாக யார் வந்தாலும் என்னைக் காட்டி, "நான் கட்டுனதுல வெளியூரு போகாம உள்ளூர்லயே தங்குன ஒரே மூட்டை இதுதான்" என்று அறிமுகப்படுத்துகிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள், கலா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கிறாள். நானும் எத்தனையோ முறை முறைத்துப் பார்த்துவிட்டேன். ஆனால் அவர் சொல்வதில் பொய் எதுவும் இல்லையே.