இடது காலுக்கு வேலை இல்லை

அடுத்தவருக்கு நல்லது செய்தே தீருவேன் என்று கிளம்புகிற ஆளின் கையில் ஸ்பேனர் இருக்கக் கூடாது. பட்டவன் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஆட்டோமேட்டிக் காரை வீட்டு வாசலிலேயே பிரித்துப்போட்டு, கியர் வண்டியாக மாற்றியவன் நான். எங்கள் பெரம்பலூரில் அதற்கு முன்னால் யாரும் அப்படிச் செய்ததாகத் தெரியவில்லை. அதற்குப் பின்னாலும் யாரும் செய்யவில்லை. (என் வாசலைப் பார்த்த பிறகு யாருக்குத் துணிச்சல் வரும்?)

அப்பா பஸ் டிரைவர். பெரம்பலூர்–அரியலூர் ரூட்டிலேயே சர்வீஸ் முழுக்க ஓட்டி முடித்தவர். சுண்ணாம்புக்கல் லாரிகள் நெருக்கியடிக்கும் அந்த ரோட்டில், அவர் கியர் மாற்றினால் தூங்குகிற பாசஞ்சர் முழிக்க மாட்டான் என்று கண்டக்டர்கள் சொல்வார்கள். ரிட்டயர் ஆனதும் டிவிக்கு எதிரே உட்கார்ந்தார். என்ன ஓடுகிறது என்று கேட்டால் தெரியாது. அம்மா கீரை ஆயச் சொன்னால் ஆய்வார், தேங்காய் துருவச் சொன்னால் துருவுவார். ஒரு பஸ்ஸையே கட்டி மேய்த்த மனுஷன் இப்படி ஆகிவிட்டாரே என்று நான் புலம்பிக்கொண்டிருப்பேன்.

அப்போதுதான் ஊர் மாற்றலாகிப் போகிற ஒருவரிடமிருந்து அந்தக் காரை வாங்கினேன். ஆட்டோமேட்டிக் என்பதால் எங்கள் பக்கத்தில் யாரும் சீந்தவில்லை, எனக்குக் கிடைத்தது. நான் ஓட்டியதைவிட அப்பா ஓட்டியதுதான் அதிகம். எங்கள் ஊருக்கு ரயில் கிடையாது. ரயில் பிடிக்க அரியலூர்தான் போக வேண்டும். தெருவில் யார் வீட்டில் யார் ஊருக்குப் போனாலும், "டிரைவர் ஐயா, சாயங்காலம் ஸ்டேஷனுக்கு வர முடியுங்களா?" என்று வாசலில் வந்து நிற்பார்கள். அப்பா உடனே சட்டையை மாட்டுவார். அவருடைய பழைய ரூட் அவருக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது. டிவி ரிமோட்டை என் மகள் எடுத்துக்கொண்டாள்.

இத்தோடு நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா?

ஒரு நாள் ஸ்டேஷனுக்குப் போய்வந்து சாப்பிட உட்கார்ந்தவர், ரசத்தைப் பிசைந்துகொண்டே சொன்னார். "இந்த வண்டியில எடது காலுக்கு வேலையே இல்லடா."

அவ்வளவுதான் சொன்னார். அப்பாவின் குரலில் ஏற்ற இறக்கம் கிடையாது. கல்யாணச் செய்தியையும் சாவுச் செய்தியையும் ஒரே மாதிரிதான் சொல்வார், கேட்கிறவன்தான் முகத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். நான் முகத்தை மாற்றிக்கொண்டேன். ஐயோ பாவம், காலமெல்லாம் கிளட்ச் மிதித்த கால் சும்மா கிடக்கிறதே, ஒரு டிரைவருக்கு இதைவிட அவமானம் உண்டா என்று உருகினேன். ஒரு வார்த்தை, "அதனால என்னப்பா?" என்று கேட்டிருக்கலாம். என் வாய் எதெதற்கோ திறக்கும், அன்றைக்குத் திறக்கவில்லை.

பாலக்கரைப் பக்கம் நான் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தேன். போனைப் பிரித்துச் சேர்க்கிறவன் காரைப் பிரித்துச் சேர்க்க மாட்டானா என்ற திமிர் எனக்கு. வீடியோக்கள் பார்த்தேன். எல்லா வீடியோவிலும் அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. துணைக்கு என் மனைவி தனத்தின் தம்பி செல்வத்தை ஆண்டிமடத்திலிருந்து வரவழைத்தேன். அவன் டிராக்டர் வேலை பார்க்கிறவன். காரைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவுக்குத்தான் அவனுக்கும் தெரியும். ஆனால் தைரியம் என்னைவிட ஜாஸ்தி.

"எல்லாம் நட்டு போல்ட்டுதான் மாமா. கழட்டினா கழலும், மாட்டினா மாட்டும்" என்றான்.

அப்பாவுக்கு இன்ப அதிர்ச்சி கொடுக்க வேண்டுமே! திருமழபாடியில் அத்தை வீட்டுப் புதுமனை புகுவிழா வந்தது. "வண்டியை சர்வீஸுக்கு வுடணும், நீயும் அம்மாவும் பஸ்ல போயிட்டு வாங்கப்பா" என்று ஏற்றிவிட்டேன். அவர்கள் போன கையோடு வண்டியை ஜாக்கியில் தூக்கினோம். விபத்தில் நசுங்கிய அதே மாடல் கியர் வண்டி ஒன்றின் பாகங்களைத் திருச்சியிலிருந்து முன்னாலேயே கொண்டுவந்து மாட்டுத்தீவனச் சாக்கில் ஒளித்து வைத்திருந்தேன். கழட்டினோம். கழன்றது. கழன்றது என்ன, பழைய ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் ஜாக்கியிலிருந்து வழுக்கி, சிமெண்ட் தரையில் விழுந்து ஓடு பிளந்துபோயிற்று.

"வுடுங்க மாமா, இனிமே இது எதுக்கு நமக்கு?" என்றான் செல்வம். இரண்டு பேரும் சிரித்தோம். அந்த வாரமே அது பழைய இரும்புக் கடைக்குப் போனது. அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு என்னையே அறைய வேண்டும்போல் இருக்கிறது.

அப்பா திரும்பி வந்தபோது கார் முன்பக்கம் திறந்து கிடந்தது. வாசலெங்கும் எண்ணெய். பையைக்கூடக் கீழே வைக்காமல் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னடா இது?"

"கியர் வைக்கிறேம்பா. உனக்காகத்தான். இனிமே உன் எடது காலுக்கும் வேலை இருக்கும்!"

கிரீஸ் அப்பியிருந்த என் கைகளைப் பார்த்தார். பிறகு "சரி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். மனுஷனுக்குச் சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று செல்வத்திடம் சொன்னேன். அவனும் ஆமாம் என்றான்.

அரை மணி நேர வேலை மாசக்கணக்கில் இழுத்தது. கியர் பாக்ஸ் ஏறினால் அச்சு சேரவில்லை, அச்சு சேர்ந்தால் கேபிள் எட்டவில்லை. ஒரு வழியாக எல்லாம் முடிந்து சாவியைத் திருகினால் வண்டி கம்மென்று கிடந்தது. பிறகுதான் விஷயம் புரிந்தது. ஆட்டோமேட்டிக் வண்டி, லீவர் பார்க்கிங்கில் இருந்தால்தான் ஸ்டார்ட் ஆகும். அந்த லீவரைத்தான் நாங்கள் பிடுங்கிவிட்டோமே! வண்டி இன்னும் தன்னை ஆட்டோமேட்டிக் என்றே நினைத்துக்கொண்டு லீவரைத் தேடிக்கொண்டிருந்தது. செல்வம் இரண்டு ஒயர்களை இணைத்து அதை ஏமாற்றினான். ஏமாற்றியவன் வண்டி கியரில் கிடக்கிறதா என்று பார்க்கவில்லை. நான் சாவியைத் திருகினேன். வண்டி ஒரே எகிறாக எகிறி, துவைக்கிற கல்லில் போய் முட்டி, ஊறப்போட்டிருந்த துணியையும் பக்கெட்டையும் அள்ளிப் போட்டுக்கொண்டு நின்றது.

தனம் ஓடி வந்து பார்த்தாள். "பரவாயில்லயே, துணி தொவைக்கக்கூடப் பழக்கிட்டீங்களே" என்றாள்.

கிளட்ச் பெடல் கல்லாக இருந்தது. சீட்டில் முதுகை அண்டக்கொடுத்து மிதித்தால்தான் எனக்கே இறங்கியது. "புதுசுல அப்படித்தான் மாமா இருக்கும். உங்கப்பா மிதிச்ச பஸ் கிளட்ச்சுக்கு இதெல்லாம் தூசு" என்று செல்வம் சமாதானம் சொன்னான். சரிதானே என்று நானும் விட்டுவிட்டேன்.

ஆயுத பூஜை வந்தது. வண்டியைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, சாமந்தி மாலை போட்டோம். பூசணிக்காய் சுற்றி உடைத்தாயிற்று. நான்கு டயருக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. டிரைவர் ஐயா மறுபடி கியர் வண்டி எடுக்கிறார் என்று தெருவே கூடியிருந்தது. (நான்தான் வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருந்தேன். என் புத்தி அப்படி.) அப்பா வெள்ளைச் சட்டை போட்டு, விபூதி பூசி, வண்டியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தார். கண்ணாடியைத் திருத்தினார்.

அப்புறம் குனிந்து காலைப் பார்த்தார்.

கூட்டத்தில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு மட்டும் சுருக்கென்றது. ஒரு டிரைவர் பெடலை எதற்குக் குனிந்து பார்க்க வேண்டும்? அவர் இடது காலைக் கையால் பிடித்துத் தூக்கி கிளட்ச் மேல் வைத்தார். ஸ்டார்ட் செய்தார். கியர் போட்டார். கர்ரென்று ஒரு சத்தம் தெருமுனைவரைக்கும் கேட்டது. வண்டி உதறிவிட்டு நின்றுபோனது. மறுபடியும் ஸ்டார்ட் செய்தார். மறுபடியும் கர்ர். எலுமிச்சம்பழம் ஒன்று நழுவி உருண்டு ஓடியது. அவர் சர்வீஸ் முழுக்க ஒரு தடவைகூடக் கத்தாத கியர், அன்றைக்கு அவர் தெருவிலேயே, அவர் கையிலேயே கத்தியது.

அந்த நேரத்தில் நான் என்ன செய்தேன் என்கிறீர்கள்? எல்லோருக்கும் கேட்கும்படி, "என்னப்பா, மறுபடியும் எல் போர்டு மாட்டணுமா?" என்றேன். தெரு சிரித்தது. அப்பாவும் சிரித்தார். சாவியைத் திருகி அணைத்துவிட்டு இறங்கினார்.

"தம்பி, நீ எடுடா. எனக்கு வெயிலு கண்ணைக் கூசுது" என்றார்.

அன்றைக்குக் காலையிலிருந்தே மூட்டம். வெயில் என்பதே இல்லை. அவரது இடது கால் செருப்பு உள்ளே பெடலுக்கு அடியில் கிடந்தது. ஒரு காலில் செருப்போடு, மறு காலில் ஒன்றும் இல்லாமல், அது தெரியாமலேயே அவர் வீட்டுக்குள் நடந்து போனார்.

நான் வண்டியை எடுத்து மிச்சமிருந்த பழங்களை நசுக்கிவிட்டு, பொரித் தட்டை எடுக்க அடுப்படிக்குப் போனேன். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"சக்கரை வந்து அந்தக் காலு மரத்துப் போயி எவ்வளவோ நாளாச்சுடா. செருப்பு கழண்டு வுழுந்தாலும் தெரியாது, முள்ளு குத்தினா ரத்தத்தைப் பாத்துத்தான் தெரியும். இனிமே எந்த வண்டியும் ஓட்ட முடியாதுன்னு ஒடஞ்சு போயி உக்காந்திருந்தாரு. அந்தக் காரு வந்தப்புறந்தான், 'எடது காலுக்கு வேலையே இல்லடி, சாவுற வரைக்கும் ஓட்டிடுவேன்'னு எங்கிட்ட அப்படிச் சந்தோஷப்பட்டாரு."

"ஏம்மா, எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"நான் சொல்லாமயா இருப்பேன்? சத்தியம் வாங்கிட்டாரே. 'புள்ள எனக்காக எண்ணெயிலயும் கிரீஸுலயும் கெடக்குறான், அவன் மொகத்தைப் பாத்து எப்படிடி சொல்றது'ன்னாரு. தெனம் விடியக்காலம் எழுந்து, செவுத்துல காலை வச்சு வச்சு அழுத்திக்கிட்டு இருந்தாரு. 'பழகிடும்டி, பழகிடும்டி'ன்னு."

பொரித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். வெளியே செல்வம் யாருக்கோ கியர் பாக்ஸ் மாற்றிய கதையைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

பழையபடி மாற்றிவிடலாம் என்று பழைய இரும்புக் கடைக்கு ஓடினேன். கியர் பாக்ஸ் எப்போதோ உருக்கப் போய்விட்டது. "வேற ஆட்டோமேட்டிக் வண்டியே வாங்கிடலாம்பா" என்று அப்பாவிடம் கெஞ்சினேன்.

"வேணாம்டா. அன்னைக்கு நாலு பேரு முன்னாடி கியர் கத்திப்போச்சு. இனிமே எதுலயும் ஏறி உக்கார மனசு வராது. நீ ஓட்டு, நான் பக்கத்துல வரேன்" என்றார். அதையும் ரசம் கேட்கிற குரலில்தான் சொன்னார். இந்தத் தடவை எனக்குப் புரிந்தது.

அதற்குப் பிறகு அவர் ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை. ஸ்டேஷன் சவாரியெல்லாம் என் தலையில் விழுந்தது. அவர் இடது பக்க சீட்டில் உட்கார்ந்து வருவார். லாரிக்குப் பின்னால் நான் திணறுகிற நேரத்தில், கியர் எப்போது மாற்ற வேண்டும் என்று அவருக்குத் தெரியும். அவர் கால் முன்னால் நகரும், வாயிலிருந்து மெதுவாக ஒரு "ம்" வரும். அந்த "ம்" கேட்டதும் கிளட்ச்சை மிதித்துக் கியர் போட்டால் வெண்ணெயில் கத்தி இறங்கினதுபோல விழும். நானாக முந்திக்கொண்டு போட்டால் கத்தும். பின்சீட்டிலிருந்து என் மகள், "அப்பா, தாத்தா இன்னும் அமுக்கல, நீ ஏன் போட்ட?" என்று திட்டுவாள். எங்கள் வண்டிக்கு ரெண்டு டிரைவர் என்று தெருவில் கேலி பேசினார்கள். அப்பாவுக்கு அந்தக் கேலி பிடித்திருந்தது.

போன வருஷம் அப்பா போய்விட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து, சென்னைக்குப் போகிற உறவுக்காரர்களை அரியலூரில் ரயிலேற்றக் கிளம்பினேன். அப்பாவின் சீட்டில் தனம் உட்கார்ந்திருந்தாள். ஊரைத் தாண்டியும் வண்டி முதல் கியரிலேயே அலறிக்கொண்டு போனது. பின்னால் ஹாரன் அடித்துத் தள்ளினார்கள். என்னால் அடுத்த கியர் போட முடியவில்லை. கை லீவரில் இருக்கிறது, கால் கிளட்ச்சில் இருக்கிறது, நான் காத்துக்கொண்டே இருக்கிறேன்.

தனம் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ம்... போடுங்க" என்றாள்.