மஞ்சள் காகிதம் வைத்து எடுத்த படங்கள்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும், உன் அம்மாவும், நீ விட்டுப்போன கடல்மீன் தொட்டியும் நலம். அங்கே நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். முதல் நாலு வரிக்குள் ஒரு பொய்யும் ஒரு சந்தேகமும் வந்துவிட்டன. மீதிக் கடிதம் அவற்றைப் பற்றித்தான்.

கைபேசி இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். பேச ஆரம்பித்தால் மூன்றாவது நிமிடத்தில், "அப்பா, கேமராவைத் தொட்டிப் பக்கம் திருப்புங்க" என்பாய். காகிதத்தைத் திருப்பினால் அதன் பின்பக்கம்தான் தெரியும். அதனால் காகிதம். உன் அம்மாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். வீட்டு வரிப் படிவம் நிரப்புவதாகச் சொல்லியிருக்கிறேன். இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டு, "வரி கட்டுறதுக்கு எதுக்கு மூக்கை உறிஞ்சறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனாள். ஜலதோஷம் என்று சொன்னேன்.

நீ வேலைக்குப் போய் இரண்டரை வருடம் ஆகிறது. கிளம்புகிற அன்று ஒரு நோட்டுப் புத்தகத்தை என் கையில் திணித்தாய். உப்பு எவ்வளவு, சூடு எவ்வளவு, எந்த மீனுக்கு எத்தனை சிட்டிகை என்று எல்லாம் அதில் இருந்தது. கடைசிப் பக்கத்தில் சிவப்பு மையில், "டார்ச் பவளத்தை மட்டும் கண்ணு மாதிரி பாத்துக்குங்கப்பா. வாராவாரம் ஒரு போட்டோ" என்று எழுதியிருந்தாய். அதுவரை பவளம் என்றால் எனக்கு மோதிரத்தில் வைக்கிற சிவப்புக் கல். அது உயிரோடு இருக்கும், தின்னும், பிடிக்காவிட்டால் கோபித்துக்கொண்டு உள்ளே போய்விடும் என்பதெல்லாம் உன் புண்ணியத்தில் அறுபத்திரண்டாவது வயதில் தெரிந்துகொண்டேன். கல்லின் தலையில் விரல் விரலாகக் கிளம்பி, நுனியில் லேசாகப் பொன் பூசிக்கொண்டு அது ஆடுவதைப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. உன் அம்மா அதற்கு விளக்குமாறு என்று பெயர் வைத்தாள். ஆனால் தொட்டியைத் துடைக்கும்போது அதனோடு ஏதோ பேசுவாள். என்ன பேசினாள் என்று நான் கேட்டதில்லை.

படம் எடுப்பதில் எனக்கு என்ன கஷ்டம் என்று நினைத்திருப்பாய். முப்பத்தொரு வருடம் அடையாள அட்டை அலுவலகத்தில், "நிமிர்ந்து உக்காருங்க, சிரிக்காதீங்க, காது தெரியட்டும்" என்று ஊர் ஜனத்தையெல்லாம் மிரட்டிப் படம் எடுத்தவன் நான். ஆனால் பவளத்துக்குக் காதும் இல்லை, நிமிரச் சொன்னால் நிமிர்வதும் இல்லை. முதல் வாரம் எடுத்த படத்தில், தொட்டியின் நீல விளக்கால், மொத்தத் தொட்டியும் நீலச் சாயத்தில் முக்கிய வேட்டி போல வந்தது. இரண்டாவது வாரம் கண்ணாடியில் என் மூக்கு விழுந்தது. மூன்றாவது வாரம், மேலிருந்து எடுத்தால் நிறம் நன்றாக வரும் என்று யாரோ எழுதியிருந்ததைப் படித்து, அடி தெளிவாக இருக்கும் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் கைபேசியை வைத்துத் தண்ணீரில் மிதக்க விட்டேன். டப்பா நன்றாகத்தான் மிதந்தது, உன் அம்மா பின்னாலிருந்து "என்ன பண்றீங்க?" என்று கேட்கும்வரை. அந்தக் கைபேசி பழுதாகிவிட்டது என்றுதானே உன்னிடம் சொன்னேன்? பழுதானது உண்மை. எங்கே வைத்துப் பழுதானது என்பதை மட்டும் விட்டுவிட்டேன்.

பிறகு ஒரு மிட்டாயின் மஞ்சள் கண்ணாடிக் காகிதத்தைப் பிரித்து கேமராவின் மேல் ஒட்டிப் பார்த்தேன். அடேயப்பா! நீலம் வடிந்து, பச்சை பச்சையாகவும் பொன் பொன்னாகவும் வந்தது. நேரில் இருந்ததைவிட நாலு மடங்கு நன்றாக இருந்தது. நீ உடனே, "அப்பா! சான்ஸே இல்ல! என்ன இப்படி விரிஞ்சிருக்கு!" என்று துள்ளினாய். அந்தக் குரலைக் கேட்டபின் நான் சும்மா இருப்பேனா? அடுத்த வாரம் இரண்டு மஞ்சள் காகிதம். அதற்கும் அடுத்த வாரம் உன் அம்மாவின் நகக் கத்திரியால் அதை வட்டமாக வெட்டி, ஓரத்தைத் தேய்த்து, பக்காவாகச் செய்துகொண்டேன். படம் ஆடாமல் வர வேண்டும் என்பதால், தண்ணீரைச் சுழற்றும் மோட்டாரைப் பத்து நிமிடம் நிறுத்திவிட்டு எடுப்பேன். ஞாயிறு மூன்று மணிக்கு மோட்டார் நிற்கும், மூன்று பத்துக்கு ஓடும், நாலு மணிக்கு உன் அழைப்பு வரும். ஒரு படத்துக்காக முப்பது படம் எடுத்ததில் கைபேசி நிறைய மிச்சப் படங்கள் சேர்ந்துகொண்டே போயின.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். எட்டு வாரங்களுக்கு முந்தைய ஞாயிறு, மூன்று மணிக்கு மோட்டாரை நிறுத்தினேன். அன்று பவளம் இதுவரை விரியாத அளவுக்கு விரிந்திருந்தது. அதைப் படத்தில் காட்டுவதைவிட நீ கூப்பிடும்போது நேரடியாகவே காட்டிவிடலாம், ஒரு மணி நேரம்தானே, அதுவரை தண்ணீர் ஆடாமல் இருக்கட்டும் என்று தோன்றியது. நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். நாலு மணி ஆனது. நாலரை ஆனது. வேலையாக இருப்பாய், இதோ கூப்பிடுவாய், கூப்பிடும்போது மோட்டார் ஓடினால் படம் ஆடுமே என்று ஐந்தரை தாண்டியும் அதைப் போடாமலே உட்கார்ந்திருந்தேன். ஆறு மணிக்கு, "அப்பா, இன்னைக்கு முடியலப்பா, அடுத்த வாரம் பேசறேன்" என்று இரண்டு வரி வந்தது. அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் எனக்கு முகம் தொங்கிவிட்டது. எழுந்து போய்ச் சாப்பிடாமல் படுத்துவிட்டேன். மோட்டார் ஞாபகம் மறுநாள் காலையில்தான் வந்தது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. அவை பிழைத்துக்கொண்டன. பவளம் சுருங்கிப் போயிருந்தது. மூன்றாம் நாள் பழுப்புக் கூழாக வழிந்து, வெறும் கல் மிஞ்சியது.

ஆம், கண்ணு. உன் டார்ச் போய்விட்டது. கண் மாதிரி பார்த்துக்கொள்ளச் சொன்னாய். கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டே இருந்து கொன்றுவிட்டேன்.

அந்த வாரமே சொல்லியிருக்க வேண்டும். நீ படம் கேட்டாய். கைபேசியில் மிச்சம் இருந்ததே, அதில் ஒன்றை அனுப்பினேன். நீயும் "சூப்பர்ப்பா" என்றாய். அப்படியே ஓட்டினேன். ஒரு வாரம், "போன வாரத்தைவிட வளர்ந்திருக்கேப்பா!" என்றாய். அது போன வருடத்துப் படம். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. உன் அம்மாவிடம் பவளம் ஓய்வெடுக்கிறது என்று சொல்லி, கல்லைத் திருப்பித் தொட்டியின் மூலையில் வைத்தேன். தூக்கிப் போட மனம் வரவில்லை. அவள் ஒன்றும் கேட்கவில்லை. அவள் ஒன்றும் கேட்காமல் இருந்தால் எனக்கு எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும்.

சரி, அதே மாதிரி இன்னொன்று வாங்கி வைத்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று, படம் பார்த்து ஒரு கடையிலிருந்து வரவழைத்தேன். படத்தில் இளவரசி. பையைப் பிரித்தால் வடிகட்டியில் மிஞ்சிய தேயிலைச் சக்கை. கடைக்காரரைக் கூப்பிட்டு ஒரு பிடி பிடித்தேன்.

"சார், நீல லைட்டைப் போட்டு, மஞ்சள் ஃபில்டர் வெச்சுப் பாருங்க. படத்துல இருக்கிற அதே கலர் வரும்" என்றார்.

"ஏன்யா, பவளத்தைப் பாக்கறதுக்கு ஆயுசு பூரா நான் மஞ்சள் கண்ணாடி போட்டுக்கிட்டு உக்காரணுமா?"

"எல்லாரும் அப்படித்தான் சார் உக்காந்திருக்காங்க. யாரும் வருத்தப்படலியே."

கைபேசியை வைத்துவிட்டேன். இவரை என்ன சொல்வது, இதையே அல்லவா நான் இரண்டரை வருடமாக உனக்குச் செய்துகொண்டிருந்தேன்? உன் பவளம் ஒரு நாளும் அந்த நிறத்தில் இருந்ததில்லை, கண்ணு. நல்ல நாளிலேயே கொஞ்சம் பழுப்பாகத்தான் இருக்கும். நீ வந்து நேரில் பார்த்தால், 'இவ்வளவுதானா?' என்று உன் முகம் சுருங்குமே என்ற பயம், அது உயிரோடு இருந்தபோதே எனக்கு இருந்தது. வந்த தேயிலைச் சக்கையும் நாலாம் நாள் கரைந்துவிட்டது. அதுவாவது ஏமாற்றாமல் போய்ச் சேர்ந்தது.

பவளத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. சனிக்கிழமைதோறும் தலைக்கு மை அடிக்கிறேன். நீ கூப்பிடுவதற்குக் கால் மணி முன்பே போய் நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறேன், நான் நடப்பதை நீ பார்க்கக்கூடாது என்று. வலது முழங்கால் ஒரு வருடமாகவே சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. ஒருமுறை, "அப்பா, எழுந்து அந்த ஜன்னலைச் சாத்துங்க, வெளிச்சம் கண்ணைக் கூசுது" என்றாயே, அம்மாவைக் கூப்பிட்டுச் சாத்தச் சொன்னேன் அல்லவா? நான் அதிகாரம் பண்ணுகிறேன் என்று நீ சிரித்தாய். சிரித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

அலுவலகத்தில் அட்டையை வாங்கிக்கொண்டு போனவர்களில் பாதிப் பேர் திரும்பி வந்து, "சார், இது நான் மாதிரியே இல்ல" என்று சண்டை போடுவார்கள். நான் சலிக்காமல் ஒரே பதில்தான் சொல்வேன்: "படம் அடையாளத்துக்குத்தாங்க, ஆளுக்குப் பதிலா இல்ல." வரிசையில் நிற்பவர்கள்கூட அதை மனப்பாடமாகச் சொல்வார்கள். எனக்குத்தான் மறந்துபோயிற்று.

சந்தேகம் என்று ஒன்று சொன்னேனே, அதற்கு வருகிறேன். எட்டு வாரமாக நீ முகம் பார்த்துப் பேசக் கூப்பிடவில்லை. பதிவுசெய்து அனுப்பிய குரல் மட்டும் வருகிறது, கூடவே ஜன்னலோரம் நின்று சிரிக்கும் உன் படம். கேமராவைத் திருப்ப வேண்டியதில்லை என்று முதலில் நிம்மதியாக இருந்தது. நிம்மதிப்பட்டதற்காக என்னையே பிடிக்காமலும் போயிற்று. ஆனால் போன ஞாயிறு வந்த படத்தில் ஜன்னல் கம்பியின் நிழல் உன் இடது காதின் நடுவில் விழுகிறது. சட்டையின் இரண்டாவது பொத்தானில் ஒரு நூல் தொங்குகிறது. மூன்று வாரம் முன்பு வந்த படத்திலும் அதே காதில் அதே இடத்தில் அதே நிழல், அதே நூல், தலை மட்டும் அரை விரல் சாய்ந்திருக்கிறது. முதல் வாரத்துப் படமும் அப்படியே. காதைப் பார்த்தே முப்பத்தொரு வருடம் பிழைத்தவனிடம் இது நடக்குமா, கண்ணு? ஒரே நாளில் நாற்பது படம் எடுத்து வைத்துக்கொண்டு, நீயும் மிச்சத்தைத்தான் அனுப்பிக்கொண்டிருக்கிறாய்.

உன் மோட்டாரை யார் நிறுத்தினார்கள்? வேலையில் ஏதாவதா? உடம்பா? மனசா? நான் கேட்கவில்லை. நீ சொல்லவும் வேண்டாம். என் பொய்யை முதலில் கொட்டிவிட்டால் உனக்குக் கொஞ்சம் லேசாக இருக்குமோ என்றுதான் இவ்வளவும் எழுதினேன்.

இதற்காக நீ விடுப்பு எடுத்துக்கொண்டு ஓடிவர வேண்டாம். இங்கே எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. உன்னை எதிர்பார்த்துக்கொண்டு யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. உன் அறையில் காய்ந்த துணிகளை அடுக்கியிருக்கிறோம், படுக்க இடம்கூட இல்லை. வேலையைக் கவனி. வேளைக்குச் சாப்பிடு. அம்மாவும் ஆசி சொன்னாள் என்று எழுதுவதுதான் முறை. கடிதமே அவளுக்குத் தெரியாது என்பதால் அவளுடைய ஆசியையும் நானே எடுத்து அனுப்புகிறேன். நீ நீண்ட நாள் நிறைவாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
கண்கொத்திப் பாம்பாகக் காவல் இருந்தும் கோட்டைவிட்ட,
உன் அப்பா

பின்குறிப்பு: குளித்துவிட்டு வருவதற்குள் உன் அம்மா கடிதத்தைப் படித்துவிட்டாள். பவளம் போனது அன்றைக்கே தெரியுமாம். காணாமல் போன நகக் கத்திரியும் தெரியுமாம். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இத்தனை பக்கம் எழுதியிருக்கீங்க, வான்னு ஒரு வார்த்தை எங்கயாவது இருக்கா?" என்றாள். தேடினேன். இல்லை.

பிறகு என்னைத் தொட்டியின் பக்கவாட்டுக்கு இழுத்துக்கொண்டு போய், மூலையில் வைத்த கல்லின் பின்புறத்தைக் காட்டினாள். செத்த கல்லின் அடியில் கடுகளவு ஒன்று முளைத்திருக்கிறது. பழுப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்கு நாலு விரல் இருக்கிறது, ஆட்டுகிறது. பத்து நாளாக அதற்குத் தீனி போட்டுக்கொண்டிருக்கிறாளாம். மோட்டாரை நிறுத்தாமல், மஞ்சள் காகிதம் வைக்காமல், பதினோரு முறை படம் எடுத்துப் பார்த்தேன். ஒன்றிலும் அது விழவில்லை. நேரில்தான் தெரிகிறது.

ஆகையால் மேலே வர வேண்டாம் என்று எழுதியதை அடித்துவிட்டதாக வைத்துக்கொள். உன் அறையில் துணி எதுவும் இல்லை. அம்மா வாரம் தவறாமல் விரிப்பு மாற்றுகிறாள். வா. நிமிர வேண்டாம், சிரிக்க வேண்டாம், காது தெரிய வேண்டாம். எப்படி இருக்கிறாயோ அப்படியே வா.