இஸ்ரவேல் பாடுகிற சபையும் உமது மின்சார விளக்கும்

மருதவிளை, நெய்யூர் வழி
கொல்லம் 1109, ஆடி மாதம்

என் மனைவி ராகேலின் தங்கை ஜெபகுமாரியின் கணவரும், என் சகலரும், இப்போது திருவனந்தபுரத்துப் பட்டணவாசியுமாகிய மகா கனம் பொருந்திய சத்தியநேசன் அவர்களுக்கு, மருதவிளை மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார் அருமைநாயகம் அன்போடு எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் ராகேலும் கர்த்தருடைய தயவால் சுகமாயிருக்கிறோம். அவ்விடத்துச் சுகத்தை நான் விசாரிக்க வேண்டியதில்லை. நீர் அனுப்பிய போட்டோவிலேயே அது தெரிகிறது.

அந்தப் போட்டோவைப் பற்றி முதலில் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது ஓடாது. நீர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறீர், சரி. ஜெபகுமாரி பக்கத்தில் நிற்கிறாள், அதுவும் சரி. இரண்டு பேர் தலைக்கும் மேலே அந்த மின்சார விளக்கு எதற்கு? பட்டப்பகலில் எடுத்த படத்தில் அதற்கு என்ன வேலை? படம் பிடிக்கிறவனிடம் விளக்கும் விழ வேண்டும் என்று நீர் சொல்லாமல் அது விழுந்திருக்காது. ராகேல் அதைக் கண்ணாடி போட்டு, வேதவசன அட்டைக்குப் பக்கத்திலேயே மாட்டிவிட்டாள். காலையில் ஜெபத்துக்குக் கண்ணை மூடுமுன் கடைசியாக நான் பார்ப்பது உம்முடைய பூட்சைத்தான். நான் படத்தைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிவைப்பேன். மத்தியானம் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நீர் மறுபடியும் என்னைப் பார்த்துக்கொண்டிருப்பீர். இதைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

உம்முடைய முதலாளியின் அச்சுக்கூடத்தில் தமிழ்ப் புரூப் பார்க்க ஆள் வேண்டும், உம்முடைய வீட்டுக்கு அடுத்த வீடும் காலியாயிருக்கிறது, உடனே புறப்பட்டு வாரும் என்று எழுதியிருந்தீர். வாசித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. உம்முடைய கல்யாணத்தன்று என்னுடைய கோட்டை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு நின்ற நீர் எனக்கு வேலை பார்த்துக் கொடுக்கிறீர்! நீர் இருக்கிற இருப்பை நினைத்தால் இன்றைக்கே பஸ் ஏற வேண்டும் போலிருக்கும். ஆனால் நான் பஸ் ஏறினால் சபையில் முன்னால் நின்று கீர்த்தனை எடுத்துக் கொடுக்கிற என் இடம் இஸ்ரவேலுக்குப் போய்விடும். இஸ்ரவேலை உமக்கு ஞாபகமிருக்கும், கருப்பட்டி வியாபாரம் செய்கிறவன். அவனுக்கு நல்ல குரல் என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. நான் அதை விசாரித்துப் பார்த்ததில்லை. போனால் அவன் சுகப்படுவான், போகாவிட்டால் நீர் மட்டும் சுகப்படுவீர். இரண்டுமே எனக்குத் தாங்காது. இதை ஒளித்துவைத்து என்ன ஆகப்போகிறது, நீர் என் சகலர்தானே.

இந்தக் குழப்பத்தில்தான் நான் ஒரு ஜெபக்குறிப்பு எழுதிப் போதகர் ஐயாவிடம் கொடுத்தேன். "திருவனந்தபுரம் போகும் காரியத்தில் கர்த்தர் எனக்கு வழிகாட்ட சபையார் ஜெபிக்கவும்" என்று எழுதினேன், ஒரு எழுத்துக் கூடவும் இல்லை, ஒரு எழுத்துக் குறையவும் இல்லை. பட்டணத்துக்குப் போனதில் நம் சபை வழக்கம் உமக்கு மறந்திருக்கலாம், எனக்கும் அந்த நேரம் மறந்துதான் போயிற்று. இங்கே ஒருவன் வழிகாட்டச் சொல்லி ஜெபக்குறிப்புக் கொடுத்தால், அவன் முடிவு பண்ணி, பெட்டி கட்டி, வண்டியும் பேசிவிட்டான் என்று அர்த்தம். கல்யாணத்துக்கும் அப்படித்தானே, சபையில் அறிவிப்பு ஓலை வாசித்து, பந்தலுக்குக் கால் நாட்டின பிறகுதான் கர்த்தருடைய சித்தம் என்னவென்று கேட்போம். ஒன்றும் முடிவு பண்ணாமல் நிஜமாகவே வழி கேட்டவன் இந்தச் சபை கட்டின நாள் முதல் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். போதகர் ஐயா குறிப்பை வாசித்து முடித்ததும், எங்கும் ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று ஒரே சத்தம். ஆராதனை முடிந்து நான் செருப்பைத் தேடிப் போடுவதற்குள் அடுத்த சனிக்கிழமை எனக்கு வழியனுப்புக் கூட்டம் என்று தீர்மானமாகிவிட்டது.

நான் இன்னும் முடிவு பண்ணவில்லை என்று போதகர் ஐயாவிடம் போய்ச் சொன்னேன். அவர் என் தோளில் கையை வைத்து, "எல்லாரும் போகுமுன்ன அப்படித்தான் சொல்லுவாங்க வாத்தியாரே, மனசக் கலங்கவிடாதேயும்" என்றார்.

கூட்டத்தை நீர் பார்த்திருக்க வேண்டும். என் கல்யாணத்துக்குக்கூட அவ்வளவு ஜனம் வந்ததில்லை. கருப்பட்டிக் காப்பி, முந்திரிக்கொத்து, ஏத்தன்பழம் என்று தடபுடல். ஒவ்வொருவராக எழுந்து பேசினார்கள். வாத்தியார் நல்லவர், வாத்தியார் நேரம் தவறமாட்டார், வாத்தியார் எங்கேயிருந்தாலும் நன்றாயிருக்க வேண்டும் என்றார்கள். நான் ஒரே ஒரு வார்த்தைக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போகாதேயும் என்று ஒருத்தன் சொல்லமாட்டானா என்று பார்த்தேன். ஒரு கிழவியாவது முந்தானையைக் கண்ணுக்குக் கொண்டுபோவாளா என்று பார்த்தேன். ஒருத்தி முந்தானையை எடுத்தாள், முந்திரிக்கொத்தை முடிந்துகொள்வதற்கு. பக்கத்துத் தோட்டக்காரன் சுயம்பு நம் சபையைச் சேர்ந்தவன் அல்ல, ஆனாலும் மரியாதைக்கு வந்து வாசலில் நின்றான். அவனாவது வருத்தப்படுவான் என்று கிட்டப் போனேன். "ஒங்களுக்க வருக்கப் பிலாவ நான் பாத்துக்கிடுதேன் வாத்தியாரே, சக்கையெல்லாம் சும்மா விழுந்து அழுகிப்பிடாது பாத்தியளா" என்றான், என் பலாப்பழத்தின் மேல் அவனுக்கு அவ்வளவு கரிசனம். கடைசியில் சபையார் எல்லாரும் சேர்ந்து எனக்கு ஒரு பரிசு கொடுத்தார்கள். என்ன தெரியுமா? அரிக்கேன் விளக்கு. பட்டணத்தில் ராத்திரி நான் இருட்டில் கஷ்டப்படக் கூடாதாம்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வழியனுப்பியாகிவிட்டதே, எந்த முகத்தோடு முன்னால் போய் நிற்பது? கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். போதகர் ஐயா ஜெபத்தில், "பட்டணம் போய்ச் சேர்ந்த எங்கள் அருமைச் சகோதரனைக் காத்துக்கொள்ளும்" என்று உருக்கமாகக் கேட்டார். நானும் ஆமென் சொன்னேன், வேறு என்ன செய்ய? கோவிலை விட்டு இறங்கினால் ஆணும் பெண்ணும் வழி மறித்து, "இன்னும் போவலியா சாரே?" "பயணம் எப்பமாக்கும்?" என்று கேட்கிறார்கள், ஏதோ நான் அவர்கள் வீட்டில் வந்து தங்கிவிட்டவன் மாதிரி. குழித்துறைக்குப் போகிற பஸ்காரன்கூட என்னைக் கண்டால் வேகத்தைக் குறைக்கிறான்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பாட்டைத்தான் பொறுக்க முடியவில்லை. என் தாளத்தை, நான் துடைத்துத் துடைத்து வைத்திருந்த என் வெண்கலத் தாளத்தை, கையில் எடுத்துக்கொண்டு இஸ்ரவேல் முன்னால் வந்து நின்றான். நான் எப்போதும் குரலைத் தழைத்து இறங்கிவிடுகிற இடத்தில் அவன் மேலே ஏறினான். ஏறி அங்கேயே நின்றான். சபை முழுவதும் அவன் பின்னால் ஏறிற்று. அதுவும் போகட்டும் என்று பெண்கள் பக்கம் பார்த்தேன். கல்யாணமான நாள் முதல் என் பாட்டுக்கு உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்த உம்முடைய மைத்துனி ராகேல், அன்றைக்கு வாயைத் திறந்து பாடுகிறாள்! அவளுக்கு அப்படி ஒரு குரல் இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். எனக்கு வயிறு பற்றி எரிந்தது. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது, எரிந்தது என்றால் எரிந்தது. வீட்டுக்கு வந்து, "அவன் பாட்டு அவ்வளவு நல்லாருக்கா?" என்று கேட்டேன். "நல்லாத்தான் இருந்துது. நீங்க பாடும்பம் எங்க சேந்து பிடிக்கதுன்னு தெரியாது, அதாக்கும்" என்றாள். பட்டணத்துக்குப் போவோமா வேண்டாமா, உன் மனசு என்ன என்று கேட்டேன். "போறதுன்னாலும் எனக்குச் சம்மதம், இருக்கதுன்னாலும் சம்மதம். அந்தப் படத்த மட்டும் திருப்பிப் போடாதீங்க" என்றாள்.

ஆகையால் சகலரே, நான் முடிவு பண்ணிவிட்டேன். வருகிறேன். என்னைப் போகாதே என்று சொல்ல ஒரு நாதியில்லாத ஊரில் எனக்கு என்ன வேலை? ஆவணி பிறந்ததும் புறப்படுகிறோம். அந்த அடுத்த வீட்டைப் பேசி முடித்துவிடும். சில காரியங்களை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு மனஸ்தாபம் வரக் கூடாது. அந்த வீட்டு விளக்கு உம்முடைய வீட்டு விளக்கைவிட மங்கலாக எரியக் கூடாது. வீட்டுப் படியும் உம்முடைய படியைவிடத் தாழ்வாக இருக்கக் கூடாது. அச்சுக்கூடத்தில் என்னைக் காட்டும்போது, "ஊரிலிருந்து நான் வரவழைத்த ஆள்" என்று சொல்லக் கூடாது, "எனக்கு மூத்த சகலர்" என்று சொல்லவும். அங்கே நீங்கள் போகிற சபையில் கீர்த்தனை எடுத்துக் கொடுக்க ஆள் இருக்கிறதா என்றும், இருந்தால் அவருக்கு வயது என்ன, தொண்டை எப்படி என்றும் உடனே விசாரித்து எழுதவும்.

உம்மையும் ஜெபகுமாரியையும் சகல தீங்குக்கும் விலக்கிக் கர்த்தர் ஆசீர்வதிப்பாராக. உங்கள் ஆசீர்வாதம் எங்களுடையதை மிஞ்சாதபடிக்கும் அவர் பார்த்துக்கொள்வாராக. ராகேல் தங்கைக்கு முத்தம் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
சீக்கிரத்தில் உம்முடைய அடுத்த வீட்டுக்காரன்,
ஜோ. அருமைநாயகம்

பின்குறிப்பு: ஒட்டின உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். கடிதத்தை அஞ்சல் பெட்டியில் போட்டுவிட்டு வரலாம் என்று குடையோடு இறங்கினேன். வாசலில் இஸ்ரவேல் நிற்கிறான், கையில் ஓலைக்கொட்டான் நிறையக் கருப்பட்டி. என் கையிலிருந்த கடிதத்தைப் பார்த்ததும் அவன் முகம் செத்துப்போயிற்று.

"நெசமாவே போறியளா சாரே?"

"கூட்டம் போட்டு அனுப்பினது நீங்கதானே?" என்றேன்.

"நான் கூட்டம் வேண்டாம்னாக்கும் சென்னது. ஆரு கேட்டாவ?" என்று தலையைச் சொறிந்தான். "நீங்க போவப்பிடாது சாரே."

அந்த வார்த்தை! ஊர் முழுவதும் நான் தேடிக் கிடைக்காத வார்த்தை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அத்தோடு நான் அவனை உள்ளே கூப்பிட்டிருக்கலாம். ஏன் என்று கேட்டுவிட்டேன்.

"நீங்க முன்ன நின்னு பாடினப்பம், இஸ்ரவேலு பாடினா எப்படி இருக்கும்னு சனங்க ஏங்கிச்சு. இனி நீங்க இல்லாம நான் பாடினா எதுக்கூட ஒத்துப் பாக்கும்? போன ஞாயித்துக்கெழம தூணுக்குப் பொறத்த இருந்து மொகத்தச் சுளிச்சியளே, அதக் கண்ட பொறவுதான் எனக்கு அந்த உச்சம் வந்துது. நீங்க பெயிட்டா எனக்குத் தொண்ட அடச்சிரும் சாரே."

கருப்பட்டியை அவன் தலையிலேயே கவிழ்க்கத்தான் கொட்டானை வாங்கினேன். வாங்கின கை அப்படியே நின்றுவிட்டது. அத்தனை பேர் நல்லவர் நல்லவர் என்று வாழ்த்தி அனுப்பினார்களே, நான் இல்லாவிட்டால் அவர்களில் யாருக்கு என்ன குறை? இவன் ஒருவனுக்குத்தான் குறை. அடுத்த ஞாயிறு முதல் ஒரு வாரம் நான், ஒரு வாரம் அவன் என்று வாசலிலேயே பேசி முடித்தோம். உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த ராகேல், "அப்பம் வரலன்னு எழுதிருங்க. இனி மனசு மாறினா ஜெபக்குறிப்பு மட்டும் குடுக்காதீங்க" என்றாள்.

ஆகவே நாங்கள் வரவில்லை. வீட்டை வேறு யாருக்காவது விட்டுவிடச் சொல்லவும். உம்மை ஒன்று கேட்கிறேன் சத்தியநேசன், கோபித்துக்கொள்ள வேண்டாம். அத்தனை பெரிய பட்டணத்தில், நீர் நன்றாயிருக்கிறீர் என்று வயிறெரிகிறவன் ஒருவனாவது உண்டா? அங்கே எல்லார் வீட்டிலும் விளக்கு எரியும், உம்முடைய வீட்டை எவன் நிமிர்ந்து பார்க்கப் போகிறான்? அதற்கு நான் ஒருவன்தான் இருக்கிறேன். நானும் அங்கே வந்துவிட்டால் உமக்கு அதுவும் இல்லாமல் போய்விடும். நீர் சுகமாயிரும். நான் இங்கேயே இருந்து பொறாமைப்பட்டுக்கொள்கிறேன்.