போன வருஷத்துக் கண்

"தாடையை வையுங்க. பச்சைப் புள்ளியையே பாருங்க. அசையாதீங்க!"

கண் மருத்துவமனையில் ஸ்கேன் எடுக்கும் அவளுக்குப் போலீஸக்கா என்ற பட்டப்பெயர் சும்மா வரவில்லை. வணக்கம் சொன்னால்கூட எதற்குச் சொன்னாய் என்று கேட்கிற ரகம்.

எதிரே ஒரு பஸ் டிரைவர். அவருக்கு நரம்பின் உறையை அரிக்கும் நோய்; கை கால் மரத்துப்போகும், பார்வையும் மங்கும். கண்ணின் பின்புறத்தைப் படம் எடுத்தால் நரம்பில் எவ்வளவு சேதம் என்று தெரிந்துவிடும். போன வருடப் படத்தில் வலது கண் நரம்பு மெலிந்திருந்ததால், ஸ்டியரிங்கைப் பிடுங்கி டிப்போவில் நாற்காலி கொடுத்துவிட்டார்கள். இந்தத் தடவை நன்றாக வந்தால்தான் மறுபடி பஸ்.

நன்றாகத்தான் வந்தது. வினையே அதுதான்.

"மெலிஞ்சுபோன நரம்பு திரும்ப வளராதே!" போலீஸக்கா மூன்று தடவை எடுத்தாள். மூன்றிலும் நரம்பு கொழுகொழுவென்று இருந்தது.

"இன்னிக்கு ஏம்மா இத்தனை தடவை? போன வருஷம் நான் டீ குடிச்சிட்டு வந்ததுமே 'முடிஞ்சாச்சு, கெளம்புங்க'ன்னீங்களே."

"பேச்சை மாத்தாதீங்க. நீங்க போன வருஷம் வந்தவரோட தம்பிதானே?"

"ஐயோ, நான்தாம்மா அவரு!"

அடையாள அட்டையை நீட்டினார். அட்டையில் மீசை இருந்தது, முகத்தில் இல்லை.

"மீசை எங்கே?"

"டிப்போவுல பொழுது போகலைன்னு எடுத்துட்டேன்."

அவள் நம்புவாளா? அவருடைய போனையே வாங்கி, அவர் மனைவிக்கு ஸ்பீக்கரில் போட்டாள்.

"உங்க வீட்டுக்காரர் இப்ப எங்கே?"

"டிப்போவுல. ஆமா, நீ யாரு? அவரு போன் உன் கைக்கு எப்படி வந்துச்சு?"

டிரைவருக்கு வேர்த்துக் கொட்டியது. பயப்படுவாளே என்று வீட்டில் சொல்லாமல் வந்திருந்தார், பாவம். இனி பஸ்ஸும் இல்லை, வீடும் இல்லை.

"ஆள் மாறாட்டம்! பெரிய டாக்டர்கிட்டச் சொல்றேன்!"

அவளுக்கு வலது கால் மரத்துப்போயிருந்தது. புதுச் செருப்பைத் திட்டி, காலை உதறிக்கொண்டு எழுந்தாள். கண்ணெதிரே கிடந்த சிவப்பு ஃபைலை மூன்று நிமிடம் தேடினாள். "இங்க எல்லாமே வெளுத்துப் போச்சு. லைட்டை மாத்தச் சொல்லி எத்தனை தடவை எழுதிக் குடுக்கிறது!" வலது கண்ணைக் கசக்கிக்கொண்டாள்.

சாட்சிக்கு, வாசலில் தரை துடைத்துக்கொண்டிருந்த ஆயம்மாவைக் கூப்பிட்டாள்.

"ஆயம்மா, போன வருஷம் வந்தது இந்த ஆளா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

ஆயம்மா டிரைவரைப் பார்த்தாள். திரையில் இருந்த போன வருடப் படத்தையும் பார்த்தாள்.

"வந்தது இவருதான் மேடம். ஆனா இவரு டீ குடிக்கப் போனப்ப, மெஷின் சரியா இருக்கான்னு பாக்க நீங்கதானே தாடையை வச்சுக்கிட்டு என்னைப் பட்டனை அழுத்தச் சொன்னீங்க, அப்ப இது உங்க கண்ணுதானே?"